ஏழாவது கார்னேஷன்

பன்னிரண்டு மணிக்கு நினைவுக் கல் திறப்பு. இப்போது மணி பத்து இருபது. மொட்டைக் கடிதம் எழுதிய ஆளைக் கண்டுபிடிக்க பிலியானாவுக்கு மிச்சமிருந்தது ஒரு மணி நாற்பது நிமிடம். உதவிக்கு முன்னாள் டாக்ஸி டிரைவர் டோஷோ. இரண்டாவது விஷயத்தை நினைத்தபோது முதல் விஷயம் அவளுக்கு இன்னும் மோசமாகத் தெரிந்தது.

கார்னிட்ஸா விமானப்படை அருங்காட்சியகத்தின் வாசலில் காரை நிறுத்திய டோஷோ, வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்ற பழைய போர் விமானங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“என் டாக்ஸியை விட மோசமா துருப்பிடிச்சிருக்கு பாஸ். இதைப் போய் டிக்கெட் வாங்கிப் பார்க்கறாங்க.”

“உன் டாக்ஸியில காசு கொடுத்து ஏறினவங்கதான் ரொம்ப வருத்தப்பட்டாங்க. இறங்குடா.”

பிலியானாவுக்கு ஐம்பத்தொரு வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பதினைந்து வருடம் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள். எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட வீடுகளில் குடித்தனம் நடப்பதையும், காணாமல்போன கார்கள் மச்சான் வீட்டுக் கொட்டகையில் நிற்பதையும் பார்த்துப் பார்த்து, யார் எது சொன்னாலும் முதலில் நம்புவதில்லை என்ற பழக்கம் ஒட்டிக்கொண்டது. துப்பறியும் ஆபீஸ் திறந்த பிறகு அந்தப் பழக்கம்தான் சோறு போட்டது. தூக்கம் தரவில்லை.

கைப்பையிலிருந்து அந்தத் தாளை மறுபடி எடுத்தாள். மூன்று நாளைக்கு முன்பு வெசெலா த்ருமெவாவின் தபால் பெட்டியில் கிடந்தது. அச்சடித்தது போலக் கையால் எழுதிய பெரிய பெரிய எழுத்துகள்.

‘அந்தக் கல்லில் காமென் த்ருமெவின் பெயரை வெட்டாதீர்கள். அவன் சாகவில்லை.’

வெசெலாவின் அப்பா கேப்டன் காமென் த்ருமெவ். 1984-இல் பயிற்சிக்காகப் பறந்தவர் கருங்கடலில் விழுந்தார் என்று படை சொன்னது. மூடிய சவப்பெட்டி ஒன்று வந்தது. திறக்க யாரும் கேட்கவில்லை. கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த அந்தக் காலத்தில் கேட்கிற வழக்கமும் இல்லை. வெசெலாவுக்கு அப்போது ஆறு வயது. அந்தப் படைப்பிரிவில் இறந்த மற்ற இரண்டு விமானிகளின் பெயர்கள் அருங்காட்சியகத்துக் கல்லில் இருந்தன. காமெனின் பெயர் மட்டும் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டுப் பதினோரு வருடம் மனு எழுதி, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, கடைசியில் வெசெலா ஜெயித்திருந்தாள். இன்று திறப்பு. இன்று பார்த்து எவனோ ஒருவன் கூட்டத்தில் எழுந்து அந்தக் கடிதத்தில் இருந்ததை உரக்கச் சொல்லிவிட்டால்?

“அவன் யாருன்னு எனக்குத் தெரியணும் மேடம். அவன் வாயை நான் பார்த்துக்கறேன்,” என்று சொல்லித்தான் வேலையை ஒப்படைத்திருந்தாள்.

குடும்பம் ஒரு மிக் போர் விமானத்தின் இறக்கைக்கு அடியில் கூடியிருந்தது. வெசெலாவின் கணவன் நைடென் பிளாஸ்டிக் கப்புகளில் வைன் ஊற்றிக்கொண்டிருந்தான். பழைய படைப்பிரிவு நண்பர்கள், அவர்கள் மனைவிமார்கள், புகைப்படத்துக்குச் சிரிக்க மறுக்கும் பேரப்பிள்ளைகள். விமானி அறைக்குப் போகும் ஏணியின் உச்சியில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். வெசெலாவின் மகள். தாத்தாவின் பெயரை வைத்திருந்தார்கள்: காமெனா.

“இதுக்குள்ளதான் எங்க தாத்தா உட்கார்ந்திருப்பார்!” என்று மேலிருந்து கத்தினாள்.

“இதே மாதிரி விமானம்டா கண்ணு,” என்றாள் வெசெலா. கணக்கு டீச்சர், திருத்தாமல் இருக்க முடியாது. பிறகு பிலியானாவிடம் ஒரு தட்டை நீட்டினாள். சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமை. “எடுத்துக்கோங்க மேடம். அப்பா ஆத்மாவுக்காக.”

டோஷோ ஒரு ஸ்பூனை முழுங்கிவிட்டு இரண்டாவதற்குப் போனான். பிலியானா அவன் காலை மிதித்தாள்.

“அம்மா செஞ்சாங்களா?” என்று கேட்டாள் பிலியானா.

“அம்மாவா? அவங்க வருஷா வருஷம் மறந்துடுவாங்க. எங்க மாமியார்தான் வேக வெச்சுக் கொடுப்பாங்க.”

கொஞ்சம் தள்ளிக் கறுப்புக் கோட்டில் நின்ற ராய்னா, மகள் சொன்னது காதில் விழாதது போல விமானத்தின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபது வயது. மெலிந்த உடம்பு. கையில் காகிதத்தில் சுற்றிய சிவப்பு கார்னேஷன் பூக்களைக் குழந்தையை அணைப்பது போல அணைத்திருந்தாள்.

பிலியானா வெசெலாவைத் தனியே அழைத்துப்போய்த் தாளின் மறுபக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். கறுப்புக் கரை போட்ட அஞ்சலி நோட்டீஸ். நடுவில் சீருடையில் காமெனின் படம். ‘நீங்கள் இல்லாத இருபத்தேழு ஆண்டுகள்.’ எல்லா வீடுகளிலும் போல, த்ருமெவ் வீட்டிலும் வருடத்துக்கொரு நோட்டீஸ் அடித்துக் கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுவார்கள்.

“இது போன வருஷத்து நோட்டீஸ். எத்தனை அடிச்சீங்க?”

“பத்து. நானும் நைடெனும் எட்டு ஒட்டினோம். எவனோ ஒண்ணைக் கிழிச்சு எடுத்து அதுலயே எழுதியிருக்கான், பாருங்க மேடம், எவ்வளவு கொழுப்பு!”

“கிழிக்கலை. டேப் ஒட்டின அடையாளம் ஒரு மூலையிலயும் இல்லை. மழை படலை. வெயில் படலை. இது சுவரைப் பார்க்காத நோட்டீஸ். மிச்சம் ரெண்டும் எங்க?”

“அம்மா வீட்டுல, ஃப்ரிட்ஜ் மேல.” வெசெலாவின் முகம் சட்டென்று இறுகியது. “புத்தாண்டுக்குக் கர்னல் கெச்செவ் அம்மாவைப் பார்க்க வந்தார். அவருக்கு முதல்ல இருந்தே இந்தக் கல்லு விஷயம் பிடிக்கலை. ‘பழசைக் கிளறாதே பொண்ணே’ன்னு மூணு தடவை சொன்னார்.”

“அன்னைக்கு உங்கப்பா கூடப் பறந்தவர்?”

“பக்கத்து விமானத்துல. அவர் திரும்பி வந்துட்டார்.”

கர்னல் மெதொதி கெச்செவ் ஓய்வு பெற்றபின் இந்த அருங்காட்சியகத்தில் வழிகாட்டி. மீசை வெள்ளை, ஷூ பளபளப்பு. நினைவுக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, புதிய பெயர் மேல் போர்த்தியிருந்த பாராசூட் துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார்.

“சார், இந்த விமானத்துல பின் சீட்டு உண்டா?” என்று பல்லைக் காட்டினான் டோஷோ. “எங்க பாஸ் எங்க போனாலும் பின்னாடி உட்கார்ந்து வழி சொல்லுவாங்க.”

கர்னல் சிரிக்கவில்லை. பிலியானா சுற்றி வளைக்காமல் கடிதத்தை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் படித்தார். உதடுகள் அசைய மறுபடி ஒருமுறை படித்தார். காது மடல்கள் வெளுத்தன.

“இது நான் எழுதலை.”

“எழுதினீங்கன்னு நான் சொல்லலையே கர்னல். ஆனா ஒண்ணு. இது பொய்னும் நீங்க சொல்லலை.”

கெச்செவ் கடிதத்தை மடித்து அவளிடமே நீட்டினார். “நான் பேச்சு தயார் பண்ணணும்,” என்று சொல்லி, முதுகை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டார்.

“மாட்டினார் பாஸ்! முகத்துல எழுதி ஒட்டியிருக்கு.”

“முகத்துல இருந்தது பயம். எழுதின ஆளுக்கு எழுதினதை ரெண்டு தடவை படிக்க வேண்டிய அவசியமில்லை. அவருக்கு விஷயம் தெரியும். ஆனா கடிதம் புதுசு.”

“அப்ப நம்ம கையில என்ன இருக்கு?”

“வெறுங்கை. கல்லு திறக்கற இடத்துல வெறுங்கையோட நிக்க முடியாது. வா, பூ வாங்கலாம்.”

வாசலுக்கு வெளியே ஒரு குடைக்கு அடியில் பூக்கடை. கடைக்காரப் பெண்மணி வாளியில் கை விட்டபடியே கேட்டாள்: “உயிரோட இருக்கறவங்களுக்கா, செத்தவங்களுக்கா?”

“செத்தவருக்கு. இவன் கூட இன்னும் நாலு நாள் வேலை பார்த்தா எனக்கே தேவைப்படும்.”

“அப்ப ஆறு.” எண்ணி எடுத்து நூல் சுற்றினாள். “நீங்களாவது ஒழுங்கா வாங்கறீங்கம்மா. காலையில கறுப்புக் கோட்டு போட்ட ஒரு அம்மா. கல்லுக்குன்னுதான் சொன்னாங்க. கேட்டது ஏழு. ‘ஒண்ணு கூடிப்போச்சும்மா, செத்தவங்களுக்கு இரட்டைப்படைதானே வைக்கணும்’னேன். ‘எனக்கு எண்ணத் தெரியும்’னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க.”

“துக்கத்துல மறந்திருப்பாங்க,” என்றான் டோஷோ.

“எது மறதி? நான் இங்க குடை போட்டு ஒன்பது வருஷம் ஆகுது தம்பி. ஒன்பது வருஷமும் இதே நாள், இதே ஏழு.”

பிலியானா காசை நீட்டிய கையை மடக்க மறந்து நின்றாள். பிறந்தநாளுக்கு ஆறு ரோஜாவோடு போன மருமகனை வாசலிலேயே திருப்பி அனுப்பிய மாமியார் கதை இங்கே ஊருக்கு ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட டீச்சருக்குப் பூ கொண்டு போகும்போது எண்ணிப் பார்க்கும். செத்தவருக்கு இரட்டைப்படை, உயிரோடு இருப்பவருக்கு ஒற்றைப்படை; உயிரோடு இருப்பவனுக்கு இரட்டைப்படையில் பூ வைத்தால் அவனைச் சாகச் சொல்வதாக அர்த்தம்.

“பாஸ்?”

“கோதுமையை வருஷா வருஷம் மறக்கறாங்க. பூவை வருஷா வருஷம் தப்பா எண்ணறாங்க. ஒரு தடவை மறந்தா மறதிடா. ஒரு வருஷம்கூடத் தவறாம மறந்தா?”

டோஷோ பூங்கொத்தை வாங்கிக்கொண்டு அருங்காட்சியக வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

“ஒட்டாத நோட்டீஸ் ரெண்டும் அவங்க ஃப்ரிட்ஜ் மேல இருந்தது,” என்றாள். “நாமதான் கர்னலைத் துரத்திட்டிருந்தோம்.”

மணி பதினொன்று இருபது.

ராய்னா ஓடுதளத்தின் ஓரத்தில் நின்ற பழைய சரக்கு விமானத்துக்குள் இருந்தாள். பக்கவாட்டு பெஞ்சில் தனியாக. மடியில் பூ. பிலியானா எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். டோஷோ கதவுப் பக்கம் நின்று, உள்ளே வரப்பார்த்த இரண்டு பேரை “ரிப்பேர் நடக்குதுங்க” என்று திருப்பி அனுப்பினான்.

“ஏழு பூ ராய்னாம்மா,” என்றாள் பிலியானா.

ராய்னா நிமிரவில்லை. “என் பொண்ணு கணக்கு டீச்சர். இருபத்தெட்டு வருஷத்துல ஒரு தடவைகூட எண்ணலை. அம்மா கையில இருக்கற பூவை யாரு எண்ணுவாங்க?”

“கடிதம் நீங்கதான் எழுதினீங்க.”

“பேப்பர் வேற தேடியிருக்கணும். கையில கிடைச்சது அதான்.”

“அவர் எங்க இருக்கார்?”

“கடலுக்கு அந்தப் பக்கம். அன்னைக்கு விமானத்தோட எல்லையைத் தாண்டிட்டான். மறுநாள் ஒரு மேஜர் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக்கூடக் கழட்டலை. ‘உங்க புருஷன் கடல்ல விழுந்து செத்துட்டார்; இல்லைன்னா துரோகியாகி ஓடிட்டார். உங்களுக்கு எது வசதின்னு நீங்களே சொல்லுங்க’ன்னார்.” ராய்னா பூச்சுற்றிய காகிதத்தை மெல்ல நீவினாள். “ஓடிட்டான்னு சொன்னா என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கமாட்டாங்க. எனக்கு வேலை கிடையாது. நான் கடல்னு சொன்னேன். அவங்க பெட்டி அனுப்பினாங்க. உள்ள மணல் மூட்டைன்னு கெச்செவ் பின்னாடி சொன்னார். மணல் மூட்டையைப் பார்த்து நான் அழுத அழுகை... அது நிஜ அழுகைம்மா. பொய்யில்லை.”

“ஆட்சி மாறின பிறகு சொல்லியிருக்கலாமே?”

“சொல்லத்தான் இருந்தேன். தொண்ணூத்தொண்ணுல ஒரு தபால் அட்டை வந்தது. சுகமா இருக்கானாம். அங்க ஒருத்தி, ரெண்டு குழந்தைங்க. மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை இல்லை. ‘நீங்களும் சுகமா இருப்பீங்கன்னு நம்பறேன்’னு முடிச்சிருந்தான். வெசெலாவுக்கு அப்ப பதிமூணு வயசு. அவன் போட்டோவைத் தலையணைக்கு அடியில வெச்சுத் தூங்கறவ. அவகிட்டப் போய் என்ன சொல்ல? உங்கப்பாவுக்கு வேற குடும்பம் இருக்குன்னா? அட்டையை அடுப்புல போட்டுட்டேன்.”

பிலியானாவுக்குக் கோபம் வந்தது. ஓடிப்போனவன் மேல், தொப்பி கழட்டாத மேஜர் மேல், ஏன் என்று தெரியாமல் இந்தப் பெண்மணி மேலும் கொஞ்சம்.

“அப்படிப்பட்டவனுக்கு வருஷா வருஷம் ஒத்தைப்படையில பூவா? ஆறு வெச்சுத் தலை முழுகியிருக்கணும்.”

“நினைச்சேன். ஒவ்வொரு வருஷமும் ஒண்ணைப் பிடுங்கி எறியணும்னு நினைப்பேன். கை வராது. நான் ஆறு வெச்சு, அங்க அவனுக்கு ஏதாவது ஆயிட்டா?” ராய்னா முதல்முறையாக நிமிர்ந்தாள். கண்ணில் ஈரம் இல்லை. “நோட்டீஸ்னா பரவாயில்லை. மழை வந்தா கரைஞ்சிடும். இது கல்லு. பக்கத்துல இருக்கற ரெண்டு பேரும் நிஜமா செத்தவங்க. அவங்க பொண்டாட்டிங்க வெளியில நின்னுட்டிருக்காங்க. அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்? கல்லை நிறுத்துங்கம்மா. வெசெலாகிட்ட மட்டும் சொல்லாதீங்க.”

“ரெண்டும் சேர்ந்து நடக்காது ராய்னாம்மா.”

“தெரியும். தெரிஞ்சுதான் கேட்கறேன்.”

வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. எல்லோரும் கல்லுக்கு வரவேண்டும்.

விமானத்தின் படியில் இறங்கும்போது டோஷோ மெதுவாகக் கேட்டான். “சொல்லப்போறீங்களா பாஸ்?”

“உண்மையைக் கண்டுபிடிச்சுத் தர்றேன்னு வாக்கு கொடுத்திருக்கேன்.”

“தெரியாமப்போச்சுன்னு சொல்லிடலாம். நம்ம பேரு கெட்டா கெடட்டும். ஏற்கெனவே ஒண்ணும் பெரிய பேரு இல்லை.”

ஜோக் போலத்தான் சொன்னான். முகம் அப்படி இல்லை. ஒரு நிமிடம் பிலியானாவுக்கும் ஆசையாக இருந்தது. வெசெலா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். பதினோரு வருட மனுக்களின் வெற்றி அவள் முகத்தில் இருந்தது. புது கோட், புது ஷூ, கழுத்தில் அப்பாவின் படை பேட்ஜ்.

“கண்டுபிடிச்சீங்களா மேடம்? கெச்செவ்தானே?”

கர்னல் காகிதத்தை விரித்துவிட்டார். “தாய்நாட்டின் வானத்துக்காகத் தன் உயிரை...” காகிதத்தில் அடுத்த வரியைத் தேடினார். இருமினார்.

“மேடம், யாருன்னு சொல்லுங்க.”

தெரியவில்லை என்று சொல்ல பிலியானா வாயெடுத்தாள். ஏணியில் நின்ற சின்னப்பெண் நினைவுக்கு வந்தாள். தாத்தாவின் பெயரோடு இந்தப் பொய்யையும் வாங்கிக்கொண்ட இரண்டாவது தலைமுறை. அவளும் ஒரு நாள் தலையணைக்கு அடியில் படத்தை வைப்பாள்.

“உங்கம்மா கையில இருக்கற பூவை எண்ணிப் பாருங்க,” என்றாள்.

வெசெலா புரியாமல் திரும்பினாள். கல்லுக்கு முன்னால் காகிதத்தைப் பிரித்துப் பூவோடு நின்றாள் ராய்னா. வெசெலாவின் உதடுகள் அசைந்தன. நின்றன. மறுபடி முதலிலிருந்து அசைந்தன. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ராய்னா மறுக்கவில்லை, தலை குனியவும் இல்லை. மகளின் பார்வையை அப்படியே வாங்கிக்கொண்டு நின்றாள்.

கோதுமைத் தட்டு இன்னும் வெசெலாவின் கையில்தான் இருந்தது. அதை நைடெனிடம் கொடுத்தாள். நேராகக் கர்னலிடம் போனாள்.

“உங்களுக்கும் தெரியுமா?”

கெச்செவ் பேச்சுக் காகிதத்தை மடித்தார். “நான் பின்னாடியே கூப்பிட்டுட்டே போனேன் பொண்ணே. எல்லை வரைக்கும். அவன் ரேடியோவை அணைச்சுட்டான்.”

“துணியை எடுக்காதீங்க. அந்தப் பேரைக் கல்லுல இருந்து எடுத்துடுங்க.”

கூட்டத்தில் சலசலப்பு. நிஜ விதவைகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘ஏம்மா, என்னாச்சு?’ என்று காமெனா இழுத்த கையை வெசெலா விடுவித்துக்கொண்டு ராய்னாவிடம் வந்தாள். கேட்காமலே பூங்கொத்தை வாங்கினாள். அதிலிருந்து ஒரு கார்னேஷனை உருவினாள்.

மிச்சம் ஆறு. காலையில் காமெனா ஏறி விளையாடிய அதே விமானத்தின் சக்கரத்துக்கடியில் அந்த ஆறையும் வைத்தாள். கல்லுக்குப் பக்கம் போகவில்லை.

“இன்னைக்குத்தான் செத்தார்,” என்றாள். குரல் உடையவில்லை. வகுப்பில் விடை சொல்வது போல இருந்தது.

திரும்பி வந்து ஏழாவது பூவை அம்மாவின் கையில் திணித்தாள். முகத்தைப் பார்க்காமல்.

“இது ஒண்ணு. உயிரோட இருக்கறவங்களுக்கு.”

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நைடென் மாமியாரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மனைவியின் பின்னால் ஓடினான். ஐந்து பேரோடு வந்த கார் மூன்று பேரோடு கிளம்பியது. கோதுமை வேகவைத்துக் கொடுத்த நைடெனின் அம்மா பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டாள்.

ராய்னாவை வீட்டில் விட பிலியானாவின் கார்தான் மிச்சம். டோஷோ முன் கதவைத் திறந்து பிடித்தான். அவள் உட்கார்ந்தாள். பெல்ட்டை அவனே மாட்டிவிட்டான். பின் சீட்டில் ஏறிய பிலியானா, இன்று யாருக்கும் வழி சொல்லவில்லை.

ராய்னா இரண்டு கைகளாலும் அந்த ஒற்றைப் பூவின் தண்டைப் பிடித்திருந்தாள். முதல்முறை பிடிப்பவள் போல.

“முப்பத்திரண்டு வயசுல விதவைன்னு ஆக்கிட்டாங்க,” என்றாள். “அதுக்கப்புறம் எனக்குன்னு யாரும் பூ கொடுத்ததில்லைம்மா. இதை எங்க வைக்கறதுன்னே தெரியலை.”